காலையில் நுழையாது, மதியம் ஆடும்: ஸ்கீ பூட்ஸ்

கனடாவின் விஸ்லர் பனிச்சறுக்குத் தளத்தில் காலைக் குளிரில் ஸ்கீ பூட்ஸுக்குள் கால் நுழைய மறுக்கிறது, மதிய வெயிலில் குதிகால் ஆடுகிறது, பூட்ஸ் இரவெல்லாம் காரில் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பாதித் தொல்லை அந்தக் காரில்தான். வெளி ஓடு பிளாஸ்டிக். குளிரில் விறைக்கும், வெயிலில் இளகும். இரவு அறைக்குள் வையுங்கள். உள்ளுறையைக் கழற்றிக் காயவிடுங்கள், ஆனால் ஹீட்டர் மேல் வேண்டாம்.

காலையில் கொக்கிகளை லேசாக மாட்டி, இரண்டு சறுக்கல் போன பிறகு இறுக்குங்கள். எடுத்த எடுப்பிலேயே இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து விரல் மரத்துப்போகும். நானும் முதல் சீசனில் அதைத்தான் செய்தேன், கூடவே இரண்டு சாக்ஸ் வேறு! மெல்லியது ஒன்றே போதும்.

மதியம் விரல் பக்கக் கொக்கியைத் தொடாதீர்கள். குதிகாலைப் பிடிப்பது பாதத்தின் மேற்புறக் கொக்கி. பெரும்பாலான பூட்ஸில் அதைத் திருகியே கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கலாம்.

அப்படியும் ஆடினால், உள்ளுறை இல்லாமல் வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல் முன்னால் லேசாகத் தொடும்படி நில்லுங்கள். குதிகாலுக்குப் பின்னால் 1.5 முதல் 2 செ.மீ. இடைவெளி சரி. 3 செ.மீ. என்றால் சைஸே பெரிது, கொக்கியால் ஒன்றும் ஆகாது.