ஒரே வங்கி, ஒரே பாளையங்கோட்டை. வீட்டுக் கடனில் நண்பருக்கு என்னை விட முக்கால் சதவீதம் வட்டி குறைவு, ஏன்?

வட்டி பெரும்பாலும் இரண்டு துண்டு: ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி), அதன்மேல் வங்கி வைக்கும் கூடுதல். முதல் துண்டு எல்லாருக்கும் ஒன்றுதான். வித்தியாசம் இரண்டாவதில். சிபில் மதிப்பெண் (கடனை ஒழுங்காகக் கட்டியதைக் காட்டுவது, 300 முதல் 900 வரை) குறையக் குறைய அது ஏறும். மாதச் சம்பளக்காரரை விட, கணக்கில் லாபத்தைக் குறைத்துக் காட்டும் டவுன் கடைக்காரருக்குக் கூடுதல் விழுவது சகஜம். வரி மிச்சம், வட்டியில் போய்விடும்!

எவ்வளவு கிடைக்கும் என்பது தனிக் கணக்கு. ரிசர்வ் வங்கி உச்சவரம்பு: 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90%, 75 லட்சம் வரை 80%, அதற்கு மேல் 75%. மதிப்பு என்பது நீங்கள் பேசிய விலை அல்ல. 36 லட்சத்துக்குப் பேசிய வீட்டை வங்கிப் பொறியாளர் 30 என்று எழுதினால், அதிகபட்சம் 27 லட்சம்தான். மிச்சம் 9 லட்சம் கையிலிருந்து. பத்திரச் செலவு பெரும்பாலும் அது போகத் தனி.

பெரும்பாலான கோப்புகள் சிக்குவது காகிதத்தில்தான். மூலப் பத்திரம் தொலைந்தது, பட்டா இன்னும் தாத்தா பெயரில், அங்கீகாரமில்லாத மனை, அனுமதிக்கு மேல் கட்டிய மாடி: இவற்றுக்குப் பெரும்பாலும் வட்டியை ஏற்றிக் கொடுக்க மாட்டார்கள், கடனையே மறுப்பார்கள். விற்று மீட்க முடியாத சொத்துக்கு எந்த வட்டியும் ஈடாகாது. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே 30 வருட வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.

மதிப்பெண் பிறகு கூடினால், கூடுதலைக் குறைக்கச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். பெரும்பாலும் கேட்காமல் குறையாது.