சினிமாவுக்கு முந்தைய 16 வருடங்கள்

அன்புள்ள அண்ணா,

'பிரேக்கிங் பேட்' தொடரில் ஆமை முதுகில் வெட்டுண்ட தலையாக வருவாரே, அந்த டேனி ட்ரெஹோவைப் பற்றி ஒரு வீடியோ பார்த்தேன். ஹெராயின், கொள்ளை, வருடக்கணக்கில் சிறை, அப்புறம் ஹாலிவுட். குடியை விட்டுச் சில மாதங்களாகத் தெளிவாக இருக்கும் என் தம்பிக்கு அதை அனுப்பினேன். பார்த்துவிட்டு, "அவருக்கு சினிமா கிடைச்சது, திருந்திட்டார். எனக்கு என்ன கிடைக்கும்?" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

ர., ஈரோடு

அன்புள்ள ர.,

தம்பி கேட்டதில் தப்பே இல்லை. அந்த வீடியோக்கள் கதையைச் சொல்லும் விதத்தில் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் வருடங்களைக் கொஞ்சம் வரிசையாக வைத்துப் பாருங்கள். ட்ரெஹோ போதையை விட்டது 1968இல். சிறையிலிருந்து வெளியே வந்தது 1969இல். சினிமா அவரிடம் வந்தது 1985இல்.

லாஸ் ஏஞ்சலஸில் 1944இல் பிறந்தவர். எட்டு வயதில் கஞ்சா, பன்னிரண்டில் ஹெராயின். இரண்டையும் பழக்கிவிட்டது சொந்தச் சித்தப்பா. பிறகு சான் க்வென்டின், ஃபோல்சம், சோலிடாட் என்று கலிஃபோர்னியாவின் சிறைகளில் மாறி மாறி இருந்தார். சான் க்வென்டினில் குத்துச்சண்டை சாம்பியன்.

1968 மே மாதம் சோலிடாட் சிறையில் கலவரம். காவலர் ஒருவரைக் கல்லால் அடித்ததாக இவர் மேல் குற்றச்சாட்டு. மரண தண்டனைகூட வரலாம் என்ற நிலையில் தனிமைச் சிறையில் போட்டார்கள். மானத்தோடு சாகவிடு, தினமும் உன் பேரைச் சொல்கிறேன், சக கைதிக்கு முடிந்ததைச் செய்கிறேன் என்று அங்கே கடவுளிடம் வேண்டிக்கொண்டதாகப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வெளியே வருவோம் என்ற நினைப்பே அப்போது அவருக்கு இல்லை. கடைசியில் வழக்கு நிற்கவில்லை, அடுத்த வருடம் விடுதலை ஆனார்.

அதற்குப் பிறகான 16 வருடங்களைத்தான் வீடியோக்கள் ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன. எனக்கு அவர் வாழ்க்கையில் பெரிய விஷயமே அதுதான். கேமரா கிடையாது, கைதட்டல் கிடையாது. போதை மறுவாழ்வு ஆலோசகராக வேலை பார்த்தார். விட நினைக்கும் பையன்கள் எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் போய் உட்கார்ந்தார்.

அப்படி ஒரு பையன்தான் 1985இல் 'ரன்அவே ட்ரெய்ன்' படப்பிடிப்பிலிருந்து கூப்பிட்டான். செட்டில் கோகெய்ன் புழங்குகிறது, தாங்க முடியவில்லை, வாருங்கள் என்றான். ட்ரெஹோ போனார். ஆளைப் பார்த்த யாரோ, படத்தில் கைதியாக நிற்கிறாயா என்று கேட்டார்கள். சட்டையைக் கழற்றினார். மார்பு முழுக்க, அகலத் தொப்பி போட்ட மெக்சிகப் பெண்ணின் உருவம் பச்சை குத்தியிருந்தது. படத்தின் திரைக்கதை எழுத்தாளர்களில் ஒருவரான எட்வர்ட் பங்க்கரும் சான் க்வென்டினில் இருந்தவர். அவர் ட்ரெஹோவை அடையாளம் கண்டுகொண்டார். நாயகர்களில் ஒருவரான எரிக் ராபர்ட்ஸுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்க நாளுக்கு 320 டாலர் பேசினார்கள். இயக்குநர் கொஞ்சலோவ்ஸ்கி பார்த்துவிட்டு, ராபர்ட்ஸை எதிர்த்து மோதும் வேடத்தையே கொடுத்துவிட்டார்.

சினிமா அவரைத் திருத்தியிருந்தால் இந்தச் சம்பவமே நடந்திருக்காது. அவர் அங்கே போனது ஒரு பையனைக் காப்பாற்ற. இதைத் தம்பியிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

அப்புறமும் எல்லாம் உடனே மாறிவிடவில்லை. கைதி, ரவுடி, கொலையாளி என்று பெயர்கூட இல்லாத வேடங்கள்தான் வருடக்கணக்கில். கதாநாயகனாக நடித்த 'மசெட்டே' வெளிவந்தபோது அவருக்கு 66 வயது. அவருடைய பிள்ளைகளே போதையில் விழுந்தார்கள். 2021இல் வந்த தன் நினைவுக் குறிப்பில் அதையும் அவர் ஒளிக்கவில்லை.

தம்பிக்கு என்ன கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. யாராலும் முடியாது. ஆனால் ட்ரெஹோ செய்ததை அவரும் செய்யலாம், அதற்கு ஹாலிவுட் தேவையில்லை. குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழ்நாட்டிலும் பல ஊர்களில் நடக்கின்றன. போகாவிட்டால் போகச் சொல்லுங்கள், முதல் தடவை நீங்களும் வாசல்வரை கூடப் போங்கள். முதல் வாரத்தில் கை நடுங்க வந்து உட்காரும் ஒருவருக்கு, சில மாதங்கள் தாண்டிய உங்கள் தம்பிதான் பெரிய தைரியம்.

படம் பார்ப்பதென்றால் 'ரன்அவே ட்ரெய்ன்' பாருங்கள், இரண்டு பேரும் சேர்ந்தே. ட்ரெஹோ வருவது கொஞ்ச நேரம்தான், குத்துச்சண்டைக் காட்சியில்.