என்விடியா கார்டுடன் வேலண்டுக்கு மாறலாமா? – கணினி கேள்வி பதில்

கேள்வி: என் மேசைக் கணினியில் உபுண்டு 24.04 லினக்ஸ், ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, என்விடியாவின் 550 டிரைவர் ஆகியவை உள்ளன. திரையில் சாளரங்களைக் காட்டும் புதிய முறையான வேலண்ட் அமர்வில் நுழைந்தால் சில செயலிகளில் மட்டும் தட்டச்சு செய்த எழுத்துகள் மறைந்து மறைந்து தோன்றுகின்றன. பழைய முறையான எக்ஸ்11 அமர்வில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் உபுண்டு 25.10 முதல் அதன் மேசைச் சூழலான க்னோமின் எக்ஸ்11 அமர்வு நீக்கப்பட்டுவிட்டதாக அறிகிறேன். டிரைவரைப் புதுப்பித்தால் போதுமா? – திருச்சி வாசகர்

பதில்: போதாது. டிரைவரைப் புதுப்பிப்பது பாதித் தீர்வுதான். மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்பதை அறிய, எழுத்துகள் ஏன் மறைகின்றன என்று பார்க்க வேண்டும்.

வேலண்டில் ஒவ்வொரு செயலியும் தன் சாளரத்தைத் தானே நினைவகத்தில் வரைந்து கம்பாசிட்டரிடம் ஒப்படைக்கிறது. கம்பாசிட்டர் அவற்றை ஒன்றுசேர்த்துத் திரையில் காட்டுகிறது. ஒப்படைக்கும் நேரத்தில் கார்டு அந்தப் படத்தை வரைந்து முடித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இன்டெல், ஏஎம்டி ஆகியவற்றின் திறந்தமூல டிரைவர்களில், வேலை முடிந்ததா என்ற குறிப்பை இயங்குதளத்தின் மையமான கெர்னலே நினைவகத் துண்டோடு சேர்த்து வைத்துக்கொள்வதால், கம்பாசிட்டர் கேட்காமலே காத்திருப்பு நடந்துவிடும். என்விடியாவின் தனியுரிம டிரைவர் இந்த மறைமுக ஏற்பாட்டில் பங்கேற்கவில்லை. ஆகவே, இட்லி வெந்ததா என்று பார்க்காமலே தட்டைப் பந்திக்கு அனுப்புவதுபோல, பாதி வரைந்த படமோ முந்தைய படமோ திரைக்கு வந்துவிடுகிறது. எக்ஸ்11க்காக எழுதப்பட்ட செயலிகள் எக்ஸ்வேலண்ட் என்னும் இடைநிலைச் சேவையகத்தின் வழியாக இயங்குகின்றன. தொல்லை அங்கேதான் மிகுதி. நீங்கள் ‘சில செயலிகளில் மட்டும்’ என்று குறிப்பிட்டிருப்பதற்குக் காரணமும் அதுவே.

இதற்கான நிலையான தீர்வு 2024இல் வந்தது. எந்தப் படம் எப்போது தயாராகும், எப்போது அந்த நினைவகத்தைத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பதைச் செயலியும் கம்பாசிட்டரும் வெளிப்படையாகவே அறிவித்துக்கொள்ளும் நெறிமுறை அவ்வாண்டு மார்ச்சில் வேலண்டில் சேர்க்கப்பட்டது. மே மாதம் வெளியான எக்ஸ்வேலண்ட் 24.1, ஜூனில் நிலைபெற்ற என்விடியா 555 டிரைவர், அதே மாதம் வந்த கேடிஇ பிளாஸ்மா 6.1 மேசைச் சூழல் ஆகியவை அதை ஏற்றுக்கொண்டன. டிரைவர், எக்ஸ்வேலண்ட், கம்பாசிட்டர் ஆகிய மூன்றும் இதை அறிந்திருந்தால்தான் பயன் உண்டு. உங்கள் 550 டிரைவர் அறியாது. அதை 580க்கு உயர்த்தினாலும், உபுண்டு 24.04இல் உள்ள எக்ஸ்வேலண்ட் 23.2 வரிசையைச் சேர்ந்தது என்பதால் அதுவும் அறியாது. புதிய டிரைவரை நிறுவியும் பலன் இல்லை என்று பலர் மனம் சோர்வது இந்த இடத்தில்தான்.

எனவே உங்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன. அன்றாட வேலை இந்தக் கணினியை நம்பியிருந்தால், 24.04இல் எக்ஸ்11 அமர்விலேயே தொடருங்கள். அதற்கான வழக்கமான ஆதரவு 2029 வரை உண்டு, அவசரம் எதுவும் இல்லை. மாறத்தான் வேண்டும் என்றால் டிரைவரை மட்டும் மாற்றாமல் வினியோகத்தையே, அதாவது உபுண்டுவையே, புதிய வெளியீட்டுக்கு உயர்த்துங்கள். என் பரிந்துரை, வட்டின் தனிப் பகிர்வு (partition) ஒன்றில் புதிய வெளியீட்டை நிறுவி, 580 டிரைவரையும் சேர்த்துச் சில நாட்கள் பயன்படுத்திப் பார்ப்பது. யுஎஸ்பியிலிருந்து நேரடியாக இயக்கிப் பார்ப்பதால் பெரும்பாலும் பயனில்லை. அங்கே பொதுவாக இயங்குவது திறந்தமூல நூவோ டிரைவரே என்பதால், தனியுரிம டிரைவரின் நடத்தை உங்களுக்குத் தெரியவராது.

மாறும்போது பழைய அமைப்புகளைக் களைவது மிகவும் முக்கியம். சில ஆண்டுகளுக்கு முன் வேலண்டை எப்படியாவது இயங்கச் செய்வதற்காக எழுதி வைத்த சூழல் மாறிகள் (environment variables) இன்று தடையாகவே நிற்கும். அவற்றை நீக்கிவிட்டுத் தொடங்குங்கள். என்விடியா அமைப்புச் செயலியில் செய்த திரை அமைப்புகள் வேலண்டில் செல்லாது. திரைகளின் வரிசையையும் புதுப்பிப்பு வேகத்தையும் க்னோமின் சொந்த அமைப்புகளில் மீண்டும் வரையறுக்க வேண்டும். நுழைவுத் திரையின் பற்சக்கரக் குறியில் வேலண்ட் தெரியவே இல்லை என்றால், என்விடியாவின் டிஆர்எம் என்னும் கெர்னல் மாட்யூலில் (nvidia-drm), திரையின் அமைப்பைக் கெர்னலே கையாளும் மோட்செட் (modeset) வசதி அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். டிரைவரை எப்போதும் வினியோகத்தின் களஞ்சியத்திலிருந்தே நிறுவுங்கள்; நிறுவனத் தளத்திலிருந்து இறக்கி நேரடியாக நிறுவிய டிரைவர், கெர்னல் புதுப்பிக்கப்படும்போது இயங்காமல் போக வாய்ப்புண்டு.

இன்னொன்றையும் சோதித்துவிடுங்கள். கணினியை சஸ்பெண்ட் செய்து எழுப்பியதும் சாளரங்கள் சிதைந்து தெரிந்தால், கார்டின் நினைவகத்தில் இருந்தவை உறக்கத்தில் அழிந்துவிட்டன என்று பொருள். அவற்றைச் சேமித்து வைக்கும் விருப்பம் டிரைவரிலேயே உண்டு. அதோடு என்விடியாவின் சஸ்பெண்ட், ரெஸ்யூம் சேவைகளும் இயக்கத்தில் இருக்க வேண்டும். தற்காலிகக் கோப்புகளுக்கான இடமும் கார்டின் நினைவக அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

கேள்வி: என்னிடம் இருப்பது கெப்ளர் தலைமுறையைச் சேர்ந்த ஜிடி 710 கார்டு. எனக்கும் இதே அறிவுரை பொருந்துமா? – சேலம் வாசகர்

பதில்: பொருந்தாது. உங்கள் கார்டுக்கான கடைசி டிரைவர் வரிசை 470. வேலண்ட் கம்பாசிட்டர்கள் எதிர்பார்க்கும் ஜிபிஎம் என்னும் நினைவக ஒதுக்கீட்டு முறையை என்விடியா 2021 அக்டோபரில் 495 டிரைவரில்தான் சேர்த்தது; 470இல் அது இல்லை. தனியுரிம டிரைவரே வேண்டுமென்றால், எக்ஸ்எஃப்சிஇ போன்று எக்ஸ்11இல் இயங்கும் மேசைச் சூழலில் இருங்கள். உங்கள் ப்ராசசரில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இருந்தால், மானிட்டர் கேபிளை மதர்போர்டின் துளைக்கு மாற்றிவிட்டு கார்டைக் கழற்றி வைப்பது அதைவிட நல்லது; வேலண்டும் அதில் சீராக இயங்கும். மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைக் கார்டு வைத்திருக்கும் வாசகர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 580 வரிசையே அவற்றுக்குக் கடைசி. அதில் வேலண்ட் நன்றாக இயங்கும், ஆனால் புதிய வசதிகளை இனி எதிர்பார்க்க முடியாது.

கேள்வி: கேடிஇ பிளாஸ்மாவில் வேலண்டுக்கு மாறியபின் தமிழ்99 வேலை செய்யவில்லை. இதற்கும் என்விடியா டிரைவர்தான் காரணமா? – கோவை வாசகர்

பதில்: இல்லை. வேலண்டில் உள்ளீட்டு முறையை இயக்கும் பொறுப்பு கம்பாசிட்டரிடம் இருக்கிறது. எஃப்சிஐடிஎக்ஸ்5 (Fcitx5) என்னும் உள்ளீட்டு மென்பொருளை நிறுவியிருந்தால், கணினி அமைப்புகளில் விசைப்பலகைப் பிரிவில் உள்ள மெய்நிகர் விசைப்பலகைப் பக்கத்தில் எஃப்சிஐடிஎக்ஸ்5ஐத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழையுங்கள்.