ராமநாதபுரத்தில் நான்கு நாள் தங்குகிறோம். அதில் ஒரு நாளைத் தூத்துக்குடிக்குக் கொடுக்கலாமா? கணவன், மனைவி இருவர் மட்டும், பஸ்ஸில் போகிறோம்.

தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். இதை முதலில் சொல்லக் காரணம், நானும் என் கணவரும் முதல் முறை போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

என் ஊர் மூக்கையூர். சாயல்குடியிலிருந்து கடலைப் பார்த்துத் திரும்பினால் வரும் மீனவர் ஊர். இவருக்கு ஈரோடு பக்கம், விவசாயக் குடும்பம். கல்யாணமாகி இரண்டாவது வருஷம், பத்து நாள் லீவில் எங்கள் அம்மா வீட்டுக்கு வந்திருந்தோம். என் பெரியப்பா சின்ன வயதில் தூத்துக்குடிச் சரக்குத் தோணிகளில் கொழும்புக்குப் போய் வந்தவர். சாப்பாட்டு நேரத்தில் அவர் சொல்லும் கதைகளைக் கேட்டுக் கேட்டு, "அந்தத் துறைமுகத்தை ஒரு தடவை பார்த்துடலாம்ங்க" என்று இவர் ஆசைப்பட்டார். உடனே அந்த ஞாயிறே கிளம்பிவிட்டோம். எங்கள் கரையில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள், எல்லாரும் சர்ச்சுப் பூசைக்குப் போவார்கள். மீனவர் வீட்டில் பிறந்த எனக்கு அது தெரியும். தெரிந்தும், பெரிய ஊர்தானே, ஏதாவது நடந்துகொண்டிருக்கும் என்று நினைத்துவிட்டேன். கட்டிப்போட்ட படகுகள், இறக்கிவிட்ட ஷட்டர்கள், காலியான ரோடு. அதைத்தான் பார்த்தோம். இவர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அடுத்த புதன்கிழமை மறுபடி போனோம். நான் சொல்லப்போவது அந்தப் புதன்கிழமையைத்தான்.

ராமநாதபுரத்திலிருந்து நேரடி பஸ் இருக்கிறது. சுமார் மூன்று மணி நேரம் ஆகும். விடியற்காலை பஸ்ஸைப் பிடியுங்கள், போகும்போது இடது பக்க ஜன்னலில் உட்காருங்கள். திருப்புல்லாணி, கீழக்கரை, ஏர்வாடி விலக்கு, சாயல்குடி, வேம்பார், சூரங்குடி, குளத்தூர் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே போகும். கடல் எப்போதும் கண்ணில் படாது, ஆனால் அந்தப் பக்கம்தான் இருக்கும். ராமேசுவரம் தீவிலிருந்து தூத்துக்குடி வரை கரைக்கு எதிரே வரிசையாக 21 தீவுகள். அவற்றைச் சேர்த்து மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா என்று 1986-இல் அறிவித்தார்கள். இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்குள் போய்விட்டன. பவளப்பாறையை வெட்டி எடுத்ததற்கு அந்தத் தீவுகள் கொடுத்த விலை அது. நீங்கள் பஸ்ஸில் போகிற தூரம் முழுக்க அந்தத் தீவுக்கூட்டமும் கூடவே வருகிறது என்று நினைத்துக்கொண்டால் பயணம் வேறு மாதிரி இருக்கும்.

சாயல்குடியைச் சுற்றி எல்லாம் பனை. பதநீர் இறங்கும் காலமாக இருந்தால் இறங்கிக் குடித்துவிட்டு அடுத்த பஸ் பிடித்தாலும் தப்பில்லை. மிளகாய்க் காலமாக இருந்தால் வழியில் சிவப்பாகக் காய்ந்துகொண்டிருக்கும். எங்கள் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேம்பார் வந்தால் தூத்துக்குடி மாவட்டம் தொடங்கிவிடும். வேப்பலோடைப் பக்கம் வரும்போது தூங்கிவிடாதீர்கள். அங்கே உப்பளங்கள். காலை வெயில் பாத்தியில் பட்டுத் திரும்பும்போது ஜன்னலுக்குள் இருக்கிற நமக்கே கண் கூசும். அந்த வெளிச்சத்துக்குள் நின்று நாள் முழுக்க உப்பு வாருகிற பெண்களைப் பார்த்து இவர் பஸ்ஸில் அமைதியாகிவிட்டார். எங்கள் வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளம் இருக்கிறது, அங்கும் இதே வேலைதான். சமையலறையில் உப்பை அள்ளும்போது அந்தப் பெண்களின் கண்கள் ஞாபகம் வருவதாக இவர் இப்போதும் சொல்வார்.

ஊருக்குள் இறங்கியதும் பஸ் நிலையத்திலேயே திரும்பி வரும் பஸ் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஓர் ஆட்டோ பிடித்து நேராகப் பழைய துறைமுகம், கடற்கரைச் சாலை என்று சொல்லுங்கள். வேறு எங்கும் போகாதீர்கள். காலை நேரம் அங்கேதான் செலவாக வேண்டும்.

தூத்துக்குடியில் துறைமுகம் இரண்டு. ஊருக்குத் தெற்கே இருப்பது புதிய துறைமுகம். பெரிய கப்பல்கள், கன்டெய்னர்கள், நிலக்கரி எல்லாம் அங்கே. 1974-இல் அது பெருந்துறைமுகம் ஆனது, 2011 முதல் வ.உ.சிதம்பரனார் பெயரில் இருக்கிறது. பழைய துறைமுகம் ஊரோடு ஒட்டியது. தோணிகள் இருப்பது அங்கேதான். இரண்டிலுமே அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. வாசலில் காவலரிடம் கேட்டு அரை மணி நேரம் நிற்க வேண்டாம், வெளியே நின்றாலே போதும். போனை எடுத்துப் படம் பிடிக்காதீர்கள். இவர் எடுக்கப் போனபோது காவலர் மரியாதையாக வேண்டாம் என்றார், இவரும் போனை உள்ளே வைத்துவிட்டார்.

லாரிகள் வரிசையாக நின்றன. வெங்காய மூட்டை ஒரு லாரியில், செங்கல் ஒரு லாரியில். மதிலுக்கு அந்தப் பக்கம் தோணிகளின் பாய்மரங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. இந்தத் தோணிகள் எல்லாம் மரத்தால் கட்டியவை. இப்போது எஞ்சின் வைத்துத்தான் ஓட்டுகிறார்கள், ஆனால் பாயும் உண்டு. டீக்கடையில் நின்ற சுமைதூக்கும் தொழிலாளி ஒருவரிடம் இவர் கேட்டார்: "ஏனுங்க, இதெல்லாம் எங்கீங்க போகுது?"

"மாலத்தீவுக்கு அண்ணாச்சி. அங்க ஒண்ணும் விளையாதுல்லா. வெங்காயம், காய்கறி, கல்லு, எல்லாம் இங்கேருந்துதான்."

இவருக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. வெங்காய மண்டியைப் பார்த்து வளர்ந்தவர். தான் பார்த்த மூட்டை போகும் வழியின் கடைசி முனை இப்படி ஒரு மர வள்ளத்தில் முடியும் என்று நினைத்ததே இல்லையாம். அங்கேயே ஒன்றரை மணி நேரம் நின்றோம். இரண்டு டீ குடித்தோம். தோணியை நடத்திப் போகிறவரைத் தண்டல் என்பார்கள் என்று நான் சொன்னேன். அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் கேட்டிருந்தாலும், தோணியைப் பார்த்த பிறகுதான் அது இவருக்குள் இறங்கியது.

கடற்கரைச் சாலையில் நடக்கும்போது நான் இன்னொன்றையும் சொன்னேன். இதை நீங்களும் தெரிந்துகொண்டு போனால் நல்லது. சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் ஒரு காலத்தில் ரயிலில் தூத்துக்குடிக்கு வந்து இங்கேதான் கப்பல் ஏறினார்கள். 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததும் அந்தக் கூட்டம் எங்கள் பக்கம் திரும்பியது. தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது, அந்த வழியும் போனது. நீங்கள் ராமேசுவரம் போய் தனுஷ்கோடியில் அந்த இடிந்த சுவர்களைப் பார்த்துவிட்டு மறுநாள் தூத்துக்குடி வருவீர்களானால், கொழும்புப் பயணம் அடுத்தடுத்துக் கிளம்பிய இரண்டு கரைகளையும் பார்த்தவர்கள் ஆவீர்கள். பயணத் திட்டத்தில் அந்த வரிசையையே வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் விருப்பம்.

இந்தக் கடலில்தான் வ.உ.சி. வெள்ளைக்காரன் கம்பெனிக்கு எதிராகக் கப்பல் விட்டார். 1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கம், காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள், தூத்துக்குடி கொழும்பு வழி. 1908-இல் அவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். கோவைச் சிறையில் செக்கிழுத்தார் என்பது கோவையில் படித்த இவருக்குப் பள்ளிக்கூடப் பாடமாகத் தெரியும். கப்பல் ஓடிய தண்ணீர் எது என்று அன்றைக்குத்தான் பார்த்தார். கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெயில் ஏறியதும் பனிமய மாதா பேராலயத்துக்குள் போய்விடுங்கள். அதே சாலையில்தான் இருக்கிறது. இப்போதுள்ள கோயில் 1713-இல் கட்டி முடித்தது, மாதா சுரூபம், அதாவது சிலை, அதற்கும் முன்னால் 1555-இல் மணிலாவிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். எந்த மதத்தவராக இருந்தாலும் உள்ளே உட்காரலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் ஒருவர் கடலுக்குப் போய்த் திரும்பத் தாமதமானால் அம்மா முதலில் கூப்பிடுவது இந்த மாதாவைத்தான். அதனால் எனக்கு இது சுற்றுலா இடம் ஆகாது. மெழுகுதிரி ஏற்றிவிட்டு அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை திருவிழா. அந்தப் பதினோரு நாளில் வருவதானால் கூட்டத்துக்குத் தயாராக வாருங்கள். பக்கத்தில் டச்சுக்காரர்கள் 1750-இல் கட்டிய சின்னக் கோயில் ஒன்றும் உண்டு, நேரம் இருந்தால் வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

மதியம் மீன் சாப்பாடு. எந்த ஓட்டல் என்று பெயர் சொல்ல மாட்டேன். உள்ளூர்க்காரர்கள் கை கழுவக் காத்து நிற்கிற இடமாகப் பார்த்துப் போங்கள்.

முயல் தீவு, பூங்கா, கடைத்தெரு என்று மதியத்துக்கு மேல் சுற்றச் சொல்லிப் பலர் பட்டியல் தருவார்கள். குழந்தைகள் கூட இருந்தால் சரி. நீங்கள் இருவர் மட்டும் என்பதால் சொல்கிறேன், ஒரு மணி நேரம் எங்காவது நிழலில் ஓய்வெடுத்துவிட்டு மூன்று மூன்றரைக்குத் திரேஸ்புரம் போங்கள்.

திரேஸ்புரம் நாட்டுப்படகுகளின் கரை. பெரிய விசைப்படகுகள் தனியாக மீன்பிடித் துறைமுகத்தில் இருக்கும். அவை அதிகாலையில் போய் இரவில்தான் திரும்பும், உங்களால் அதற்குக் காத்திருக்க முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் என்பதால் அந்தப் படகுகள் போகவே போகாது. நாட்டுப்படகுக்கு அந்தத் தடை இல்லை. அதனால் எந்த மாதம் வந்தாலும் திரேஸ்புரத்தில் ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கும்.

நாங்கள் போனபோது ஏலம் தொடங்கியிருந்தது. கூடையைக் கொட்டியதும் சுற்றி நிற்கிறவர்கள் விலை கேட்கிற வேகத்தில் இவருக்கு ஒன்றும் புரியவில்லை. பாறை, விளைமீன், ஊளி, சீலா என்று நான் ஒவ்வொன்றாகக் காட்டினேன். எங்கள் மூக்கையூர்க் கரையில் நான் சின்ன வயதில் கேட்ட அதே குரல், அதே அவசரம். அங்கே மட்டும் நான் வழிகாட்டி ஆகிவிட்டேன். மீன் விற்கிற அக்கா ஒருவர் இவரைப் பார்த்து, "தம்பிக்கு எந்த ஊரு? மீனைப் பார்த்து இப்படி முழிக்காரு" என்றார். ஈரோடு என்றதும், "அவ்வளவு தூரமா, அப்ப நல்லா பாத்துட்டுப் போங்க" என்று ஒதுங்கி இடம் விட்டார். ஓரமாக நில்லுங்கள், கூடை தூக்கி ஓடுகிறவர்களின் வழியில் நிற்காதீர்கள். மனிதர்களைப் படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். அது அவர்கள் பிழைப்பு நடக்கிற இடம்.

சங்கு குளிக்கிறவர்களின் படகும் அங்கே வரும். ஒரு காலத்தில் இந்தக் கடல் முத்துக்குப் பேர் போனது. 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சங்கு மட்டும் தொடர்கிறது, கீழக்கரையிலும் ஏர்வாடியிலும்கூட. சாக்கில் கட்டி இறக்கிய சங்கு ஒன்றை இவர் கையில் வாங்கிப் பார்த்தார். மேலே தோல் மாதிரிப் பழுப்பாக ஒட்டியிருந்தது. பூசை அறையில் பார்க்கிற வெள்ளைச் சங்கு இப்படித்தான் கடலிலிருந்து வருமா என்று ஆச்சரியப்பட்டார். வங்காளத்துப் பெண்கள் கல்யாணத்துக்குப் போடுகிற சங்கு வளையலும் இப்படி இங்கிருந்து போகிறதுதான் என்று அந்தச் சங்குகுளிக்காரர் சொன்னார். ஒரே நாளில் மாலத்தீவுக்குப் போகிற வெங்காயம், வங்காளத்துக்குப் போகிற சங்கு. தூத்துக்குடியை நான் விரும்புவது இதற்காகத்தான்.

கிளம்பும்போது மக்ரூன் வாங்குங்கள். முந்திரி, முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, அவ்வளவுதான். வாயில் வைத்ததும் கரையும். காற்றுப் பட்டால் நமத்துவிடும், அதனால் நன்றாக மூடிக் கட்டித் தரச் சொல்லுங்கள். பச்சை மீன் வாங்கி மூன்று மணி நேர பஸ்ஸில் ஏற்றாதீர்கள், கூட வருகிறவர்களுக்குக் கஷ்டம். ராத்திரிக் கடைகளில் புரோட்டா கல்லில் தட்டும் சத்தம் கேட்கத் தொடங்கும் நேரத்தில் சால்னா ஊற்றி இரண்டு சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினால் சரியாக இருக்கும்.

நாங்கள் வீடு வந்து சேர்ந்தபோது பெரியப்பா தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மக்ரூன் பொட்டலத்தைக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பிரிக்காமல், "தோணி நின்னுச்சா மாப்ள?" என்று கேட்டார். நின்றது என்றார் இவர். "எத்தனை?" மதிலுக்கு மேலே எண்ணியதைச் சொன்னார். "பாய் சுருட்டி வச்சிருந்துச்சா, கழட்டிட்டானுகளா?" கட்டிச் சுருட்டி வைத்திருந்தார்கள் என்று இவர் கையால் காட்டினார். பெரியப்பா அந்தக் கையைப் பிடித்து, கயிறு எந்தப் பக்கமாகச் சுற்றியிருக்கும் என்று திருத்திக் காட்ட ஆரம்பித்தார். நான் உள்ளே போய் இருவருக்கும் தண்ணீர் எடுத்து வந்தேன்.