லீவு போடாத தபால்காரர்

கேள்வி: பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். வீட்டுக்கு வீடு டிஜிபின் என்ற டிஜிட்டல் விலாசக் குறியீடு என்கிறார்கள். இனியாவது தபால் ஒழுங்காக வந்து சேருமா?
– ஒரு வாசகர், சங்கரன்கோவில்

பதில்: சேரும், உங்கள் தபால்காரர் லீவு போடாத நாட்களில்.

கிண்டல் இல்லை. டெலிவரி உள்ள ஓர் அஞ்சலகத்தில் காலையில் போய் நின்று பாருங்கள். பை அவிழ்ந்ததும் ஒவ்வொரு போஸ்ட்மேனும் தன் பீட்டுக் (அதாவது, தனக்கு ஒதுக்கிய தெருக்களின்) கடிதங்களைத் தெரு வாரியாக, வீட்டு வரிசைப்படி அடுக்குவார். பழைய ஆளுக்குக் கதவு எண்ணே வேண்டாம். 'மாரியப்பன், மேலத் தெரு' என்று மொட்டையாக எழுதியிருந்தாலும் போதும். தெருவில் உள்ள ஐந்து மாரியப்பன்களில் யாருக்குப் பென்ஷன் வரும், யார் மகன் துபாயில் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் லீவில் போனால் அந்தப் பீட்டை மற்றவர்கள் தலையில் பிரித்துக் கட்டுவார்கள். 'கம்பைன்டு டூட்டி' என்று அதற்குப் பெயர். தன் பீட்டை முடித்துக்கொண்டு தெரியாத தெருவுக்குள் நுழைகிறவர், ஐந்து மாரியப்பனையும் விசாரித்துக்கொண்டா நிற்பார்?

டிஜிபின் 2025-இல் வந்தது. நாட்டையே ஏறத்தாழ நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறியீடு. நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. 1972-இல் வந்த பின்கோடும் ஒரே பெயருள்ள ஊர்களின் குழப்பத்தைத் தீர்த்தது. ஆனால் கட்டம் தெரிந்துவிட்டது, அதுவரை நடந்து போக ஆள்? நாட்டில் சுமார் 1.64 லட்சம் அஞ்சலகங்கள். பத்தில் ஒன்பது கிராமப்புறத்தில். அங்கே தபாலைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் கிராம அஞ்சல் ஊழியர்கள், ஜி.டி.எஸ். என்பார்களே, அவர்கள்தான். நாலைந்து மணி நேர வேலை என்று கணக்கிட்டுத்தான் சம்பளம்; நிரந்தர அரசு ஊழியருக்குள்ள அந்தஸ்து கிடையாது. சீர்திருத்தத்தை இங்கே தொடங்கியிருந்தால் நான் முதல் ஆளாகக் கை தட்டியிருப்பேன்.

இன்னொன்று, பொறுப்பு. வெள்ளைக்காரன் 1898-இல் போட்ட அஞ்சல் சட்டம், தபால் தொலைந்தாலும் தாமதமானாலும் அரசு பொறுப்பல்ல என்றது. அதைத் தூக்கிவிட்டு 2023-இல் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதிலும், விதிகளில் ஏதாவது சொல்லியிருந்தால் ஒழிய, பொறுப்பு இல்லை! ஸ்பீடு போஸ்ட் தொலைந்தால் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு அல்லது ஆயிரம் ரூபாய், எது குறைவோ அது என்பதுதான் நெடுநாள் விதி. 47 ரூபாய் கொடுத்து அனுப்பியது வேலைக்கான ஆர்டராக இருந்தாலும் சரி, கல்யாணப் பத்திரிகையாக இருந்தாலும் சரி, நூறு ரூபாய்க்குப் பக்கத்தில் ஏதோ கிடைக்கும். தொலைத்தால் தனக்கும் வலிக்கும் என்ற நிலை வராதவரை எந்தத் துறையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்காது. சாதாரணத் தபாலுக்கு அந்த இழப்பீடும் இல்லை. பார்கோடு கிடையாது, அதனால் தொலைந்தது என்பதே யாருக்கும் தெரியாது.

இணைப்பு விஷயத்துக்கு வருகிறேன். 2025 முதல் பதிவுத் தபால் தனியாக இல்லை. முன்பு பதிவுக்கு 17 ரூபாய், தபால் தலைக்குக் குறைந்தது 5 ரூபாய், வரி தனி. இப்போது வெளியூருக்கு 50 கிராம் வரை ஸ்பீடு போஸ்ட் 47 ரூபாய், அதன் மேல் ஜி.எஸ்.டி. வேகமாகப் போகும், எங்கே போகிறது என்று வழியெல்லாம் பார்க்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதிவுத் தபாலை மக்கள் நம்பியது வேகத்துக்காகவா? உரியவர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார்கள் என்பதற்காக. ஸ்பீடு போஸ்ட்டை அந்த விலாசத்தில் இருக்கும் வேறு ஒருவரிடமும் கொடுத்துவிட்டுப் போகலாம். பழைய பாதுகாப்பு வேண்டுமென்றால் 'ரெஜிஸ்ட்ரேஷன்' என்று தனியாக 5 ரூபாயும் வரியும் கட்ட வேண்டும். ஆகவே வக்கீல் நோட்டீஸ், பத்திர நகல் என்று ஏதாவது அனுப்புவதாக இருந்தால் கவுண்டரில் அதை வாய்விட்டுக் கேளுங்கள், ரசீதில் ஏறியிருக்கிறதா என்றும் அங்கேயே நின்று பார்த்துவிடுங்கள்.