கேள்வி-பதில்: தொப்பி சிவப்பா, ஆரஞ்சா?

இன்சுலின் போட ஆரம்பித்த வீடுகளிலிருந்து இந்த மாதம் கடிதங்கள் அதிகம். சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். எனக்கும் ஏழு வருடமாக வயிற்றில் ஊசிதான் என்பதால் சில பதில்களில் குரல் உயர்ந்திருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: அப்பாவுக்கு இரண்டு மாதம் முன்பு இன்சுலின் எழுதினார்கள். குப்பி ஒரு கடையில், சிரிஞ்ச் வேறு கடையில் வாங்குகிறோம். 20 யூனிட் போட்டும் சர்க்கரை இறங்கவில்லை. டாக்டர் 28 ஆக்கினார், அப்படியும் 300-ஐ விட்டு இறங்க மறுக்கிறது. மருந்து போலியா? படம் இணைத்துள்ளேன். (வாசகி, விருதுநகர்)

ப: மருந்தின் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை அம்மா. நீங்கள் அனுப்பிய படத்தில் குப்பியில் 40 என்று இருக்கிறது, சிரிஞ்சின் தொப்பி ஆரஞ்சு. வினை அங்கேதான்.

நம் ஊர்க் கடைகளில் குப்பி இன்சுலின் இரண்டு வீரியத்தில் கிடைக்கிறது: ஒரு மில்லியில் 40 யூனிட், ஒரு மில்லியில் 100 யூனிட். 40-க்குச் சிவப்புத் தொப்பி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு. 40 மருந்தை ஆரஞ்சு சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். 28 கோடு வரை இழுத்தாலும் 11 சொச்சம். மாற்றிப் போட்டால் இன்னும் மோசம். 100 மருந்தைச் சிவப்பு சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் 50 யூனிட் இறங்கிவிடும், ஆளே மயங்கி விழலாம்.

ஆனால் இதைப் படித்த கையோடு சிவப்புத் தொப்பி வாங்கி 28 போட்டுவிடாதீர்கள். நேற்று வரை 11 போன உடம்பில் இன்று முழு 28 இறங்கும். குப்பியையும் சிரிஞ்சையும் எடுத்துக்கொண்டு இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், அளவை அவர் புதிதாகச் சொல்லட்டும்.

உங்கள் மேல் தப்பில்லை. "எல்லாம் ஒண்ணுதான், எடுத்துட்டுப் போங்க" என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த 'ஒண்ணுதான்' என்ற சொல்லோடு எனக்குப் பல வருடப் பகை. செருப்புக் கடையில்கூட 'சைஸ் என்ன?' என்று கேட்டுத்தான் எடுத்துத் தருகிறார்கள். உயிர் காக்கும் மருந்துக்கு ஊசி தரும்போது 'குப்பி 40-ஆ, 100-ஆ?' என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்? மருந்தும் ஊசியும் ஒரே கடையில் ஒரே பில்லில் வாங்குங்கள். பில்லில் மருந்தின் பெயரோடு தொகுதி எண்ணும் காலாவதி மாதமும் இருக்க வேண்டும். பில் கொடுக்க மறுப்பதே 2019 நுகர்வோர் சட்டப்படி நேர்மையற்ற வணிகம். துண்டுச்சீட்டில் கூட்டல் போட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

கே: இன்சுலின் போடுபவர்கள் கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை வாங்கலாமா? (திருச்செந்தூர்)

ப: வாங்கலாம், விருந்தாளிகளுக்கு.

கே: சர்க்கரை பார்க்கும் என் மெஷினில் 181, பக்கத்து வீட்டு மெஷினில் 168. கம்பெனி மேல் வழக்குப் போடலாமா? (ஓசூர்)

ப: நிற்காது. வீட்டு மீட்டருக்குச் சர்வதேசத் தர அளவே, சர்க்கரை 100-க்கு மேல் இருந்தால் 15 சதவீதம் வரை கூடக் குறைய விடுகிறது. கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் குத்தினால் மாம்பழத்தின் சர்க்கரையும் சேர்ந்துதான் தெரியும்.

மீட்டர் என்றதும் என் கதை. ஒரு தீபாவளித் தள்ளுபடியில் 299 ரூபாய்க்கு ஒன்று வாங்கிவந்து வீட்டில் பெருமையடித்தேன். கூட வந்த பத்து ஸ்ட்ரிப் (ரத்தத் துளி வைக்கும் பட்டை) தீர்ந்தபின் அதற்கான ஸ்ட்ரிப்பைத் தேடி ஊரெல்லாம் அலைந்தேன். கிடைத்த விலைக்குச் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஒரு மீட்டரின் ஸ்ட்ரிப் இன்னொன்றில் சேராது. ஆகவே முதலில் ஸ்ட்ரிப் விலையைக் கேளுங்கள், அது உங்கள் தெருக் கடையில் எப்போதும் இருக்குமா என்று கேளுங்கள், மீட்டர் விலையைக் கடைசியாகக் கேளுங்கள்.

கே: மே மாதம் ஆன்லைனில் மூன்று குப்பி ஆர்டர் செய்தேன். நான் ஊரில் இல்லாததால் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டார்கள். நான்கு நாள் கழித்து வாங்கினேன். பெட்டிக்குள் ஐஸ் உருகியிருந்தது. பணம் திரும்பக் கிடைக்குமா? (சென்னை)

ப: ஊரில் இல்லாதபோது ஏன் சார் ஆர்டர் செய்தீர்கள்? திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய பொருள். உங்கள் வாட்ச்மேன் அறை தகரக் கூரை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆளில்லாமல் ஒப்படைத்தது அவர்கள் தப்பு, அதைச் சொல்லி 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். நான்கு நாள் ஒரு போன்கூடப் போடாதது உங்கள் தப்பு. பணம் வந்தாலும் வராவிட்டாலும் அந்த மூன்று குப்பியை உடம்பில் ஏற்றாதீர்கள்.

கே: "இன்சுலினை 90 நாளில் நிறுத்தலாம்" என்ற விளம்பரம் பார்த்து அம்மா 18,000 ரூபாய்க்குப் பொடி வாங்கி, ஊசியை நிறுத்திவிட்டார். ஆறாம் நாள் ஆஸ்பத்திரி. இப்போது வீடு திரும்பிவிட்டார். எங்களிடம் சொல்லவே வெட்கப்படுகிறார். (ஈரோடு)

ப: அம்மாவைத் திட்டாதீர்கள். தினமும் குத்திக்கொள்கிறவருக்கு 'நிறுத்தலாம்' என்ற சொல் எவ்வளவு இனிக்கும் என்று எனக்குத் தெரியும். முதல் வருடம் நானும் ஒரு விதைப் பொட்டலத்துக்கு 2,400 அழுதேன்.

வெட்கப்பட வேண்டியவர் விற்றவர். நீரிழிவைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-லேயே சட்டம் தடைசெய்துவிட்டது. விளம்பரப் படம், பணம் அனுப்பிய ரசீது, மீதிப் பொடி, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு ஒரு புகார், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஒரு மனு. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆஸ்பத்திரிச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள். மனு எழுதத் தடுமாறினால் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.

கே: கரண்ட் அடிக்கடி போகும் ஊர். இன்சுலினுக்கென்று விற்கும் குளிர்ப்பை வாங்கலாமா? (பரமக்குடி)

ப: 1,150 ரூபாய்க்கு நான் வாங்கினேன். ஐஸ் ஜெல்லை ஒட்டி வைத்ததில் குப்பி உறைந்தே போனது. உறைந்த இன்சுலின் உருகினாலும் குப்பைக்குத்தான். உபயோகத்தில் இருக்கும் குப்பியைப் பெரும்பாலும் நான்கு வாரம் வெளியில் வைக்கலாம், வைக்கும் இடத்தின் சூடு 30 டிகிரியைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். மூடிய டப்பாவில் போட்டு, ஈர மணலுக்குள் புதைத்த சிறு மண்பானையில் வையுங்கள். ஃப்ரிட்ஜ் குளிர் வராது, ஆனால் வெளிச்சூட்டைவிட நன்றாகவே குறையும். குப்பி ஒவ்வொன்றாக வாங்குங்கள்.

கே: சர்க்கரை திடீரென்று இறங்கினால் சாப்பிட வெளிநாட்டு குளுக்கோஸ் ஜெல் 350 ரூபாயாம். தேவையா? (கும்பகோணம்)

ப: மூன்று டீஸ்பூன் சர்க்கரையைப் பொட்டலம் கட்டிச் சட்டைப்பையில் வையுங்கள். சாப்பிட்டு 15 நிமிடம் கழித்துச் சோதியுங்கள். இன்னும் 70-க்குக் கீழே என்றால் இன்னொரு தடவை. 'சுகர் ஃப்ரீ' மாத்திரை இதற்கு உதவாது, எழுதியிருப்பதைப் படித்தாலே தெரியும்.

கே: நீங்கள் போடுவது எந்தக் கம்பெனி இன்சுலின்? (மூன்று பேர்)

ப: சொல்லமாட்டேன். சொன்னால் நாளைக்கே டாக்டர் சீட்டை மடித்து வைத்துவிட்டு அதையே கேட்டு வாங்குவீர்கள்.