ஈயின் படத்தைப் பார்த்து அதன் இனத்தைச் சொல்ல முடியுமா?

நுவரெலியாவில் வீட்டுத் தோட்டத்துக் கரட் பூவில் எடுத்த ஈயின் படத்தை இட்டு, "செயலி மூன்று தடவை மூன்று பெயர் சொல்கிறது, எது சரி?" என்று கேட்டிருக்கிறீர்கள். இது சிர்ஃபிடே குடும்பத்துப் பூ ஈ, ஆண். இந்த ஒரு படத்தை வைத்து அதற்கு மேல் நான் போக மாட்டேன்.

கறுப்பும் மஞ்சளுமான பட்டைகளைப் பார்த்துச் செயலி ஒரு தடவை குளவி என்றதில் வியப்பில்லை. பறவைகளை ஏமாற்றத்தான் அந்த வேடம். ஆனால் குளவிக்கும் தேனீக்கும் நான்கு இறக்கைகள், ஈக்கு இரண்டுதான். பின்னிறக்கை இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலைபோல ஒரு குமிழ் இருக்கும். பறக்கையில் உடலைத் தடுமாறாமல் வைப்பது அது. உங்கள் படத்தில் இடது பக்கம் அது மங்கலாகத் தெரிகிறது. இறக்கையின் நடுவே எந்த நரம்போடும் சேராமல் மடிப்புக் கோடுபோல ஒன்று ஓடுகிறதே, அது இந்தக் குடும்பத்தின் அடையாளம். இரண்டு கண்களும் உச்சியில் ஒட்டியிருப்பதால் ஆண் என்றேன்.

நான் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் எடுத்த படங்களை வகுப்புச் சுவரில் ஒட்டியபோது, ஒரு படத்தின் கீழே 'தேனீ' என்று எழுதிவிட்டேன். தரம் 8 மாணவி ஒருத்தி கிட்டே போய் நின்று பார்த்துவிட்டு, "சேர், இதற்கு இரண்டு இறக்கைதானே இருக்கிறது?" என்றாள். அன்றே பெயரை மாற்றினோம். அதிலிருந்து, கண்ணுக்குத் தெரியாததை நான் எழுதுவதில்லை.

இனத்துக்குப் போக ஏன் தயங்குகிறேன் என்றால், நீங்கள் நம்பும் பட்டையே நிலையானதல்ல. இந்தக் குடும்பத்து எபிசிர்ஃபஸ் பால்டியேட்டஸ் கூட்டுப்புழுவாகக் குளிரில் வளர்ந்தால் உடலில் கறுப்பு கூடிவிடும். நம் மலைக்குளிரில் வளர்ந்ததும் கீழ்நாட்டு வெயிலில் வளர்ந்ததும் படத்தில் இரண்டு இனமாகத் தோன்றலாம். மாமிச ஈக்கள் இன்னும் கடினம். முதுகில் மூன்று கோடுகள், வயிற்றில் சதுரங்கக் கட்டம், எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும். ஆணின் இனப்பெருக்க உறுப்பை நுணுக்குக்காட்டியில் பார்த்துத்தான் பெரும்பாலானவற்றைப் பிரிக்கிறார்கள். எவ்வளவு விலை உயர்ந்த கமராவாலும் அதைப் பூவின் மேலிருந்து எடுக்க முடியாது.

ஈயைக் கையில் வைத்திருந்தவர்களே திணறிய கதை ஒன்று நம் தீவோடு தொடர்புடையது. 2003இல் கென்யாவில் மாம்பழங்களை நாசமாக்கும் பழ ஈ ஒன்று அகப்பட்டது. அது இலங்கையிலிருந்து சேகரித்த மாதிரிகளோடு ஒத்துப்போனது. 2005இல் பாக்டிரோசெரா இன்வேடன்ஸ் என்று புதிய இனமாகப் பெயர் வைத்தார்கள். 2015இல், அது தனி இனமே அல்ல, 1912இலேயே விவரிக்கப்பட்ட பாக்டிரோசெரா டோர்சாலிஸ்தான் என்று முடிவாயிற்று. இடையில் பத்து ஆண்டுகள், மரபணுச் சோதனைகள், பல நாட்டு ஆய்வாளர்களின் உழைப்பு. 1994இல் கண்டியின் பெயரால் விவரிக்கப்பட்ட பாக்டிரோசெரா கண்டியென்சிஸ் என்ற நெருங்கிய உறவும் நம் மாமரங்களில் உண்டு. இவற்றைக் கைப்பேசிப் படத்தில் பிரித்துச் சொல்பவரிடம், எதை வைத்துச் சொன்னீர்கள் என்று கட்டாயம் கேளுங்கள்.

படம் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். ஹோர்ட்டன் சமவெளி போன்ற தேசிய பூங்காவில் அனுமதியில்லாமல் பூச்சி பிடிக்க முடியாது. நமக்கு அங்கே படம்தான் வழி. எடுப்பதை விடியலில் எடுங்கள். போன மார்கழியில், கவ்வாத்து வெட்டாமல் விட்ட தேயிலைச் செடி ஒன்றின் வெள்ளைப் பூவில் ஒரு பூ ஈயைப் பார்த்தேன். குளிரில் விறைத்து, மஞ்சள் மகரந்தத் தாள்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இறக்கை முழுக்கப் பனித்துளி. ஒரு துளிக்குள் நரம்பொன்று பெருத்துத் தெரிந்தது. விரலளவு தூரத்துக்குப் போயும் அது அசையவில்லை. மேலிருந்து, பக்கத்திலிருந்து, முகத்துக்கு நேராக என்று பதினொரு படம் எடுத்தேன். வெயில் பட்டதும் பின்கால்களால் இறக்கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டது. அந்தப் பதினொன்றும் சேர்ந்துதான் அதன் பேரினத்தை, அதாவது நெருங்கிய இனங்கள் சேர்ந்த தொகுதியை, காட்டிக்கொடுத்தன.

உங்கள் ஈக்கும் அதுதான் தேவை: இறக்கை விரிந்த மேல்பார்வை ஒன்று, முகம் ஒன்று, பின்கால் தெரியும் பக்கப் பார்வை ஒன்று. இடத்தின் உயரம், திகதி, எந்தப் பூ என்பதையும் எழுதுங்கள். பூ ஈக்களில் ஆண்கள் பல, அந்தரத்தில் நின்ற இடத்துக்கே திரும்பி வரும். அது பறந்துவிட்டால் துரத்த வேண்டாம், கரட் பாத்தி ஓரமாகச் சற்று நேரம் நில்லுங்கள். முகப் படம் கிடைத்தால் இங்கேயே இடுங்கள். பேரினம் வரையாவது சேர்ந்து போய்ப் பார்ப்போம்.